பானட்டைக் கெடுத்த கை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது, ரயில் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். அந்த நேரத்தில் ரயில் எதுவும் போகவில்லை. நீ சொன்னது எல்லாமே எனக்குக் கேட்டது. அடுத்த மாதத்தோடு கம்பெனி வேலையை விடப்போகிறாய். வேப்பம்பட்டில் ஸ்டெல்லாவின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெட் பார்த்துவிட்டாய். பழைய கார், ஜீப், மோட்டார் சைக்கிள்களை எடுத்து, துருவை நீக்கி, பழையபடி ஓடவைத்துக் கொடுக்கும் தொழிலை நீயும் ஸ்டெல்லாவும் சேர்ந்து தொடங்கப்போகிறீர்கள். துரு அடித்தெடுக்கிற பிளாஸ்டிங் மிஷின் எது வாங்கலாம் என்று கேட்டாய். கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "கவலப்படாதம்மா. நைனா அந்த நர்சம்மா கார் பானட்ட கெடுத்தாரு பாரு, அந்த மாதிரிலாம் நான் கெடுக்கமாட்டேன்." அதைக் கேட்டதும்தான் எனக்கு ரயில் வந்துவிட்டது.

ஐந்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மிஷின் பற்றியும் சொல்கிறேன், அந்த பானட்டைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. பொறுமையாகப் படி. மருமகளுக்கும் தெரியட்டும், ஸ்டெல்லாவுக்கும் படித்துக் காட்டு.

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்பக்கத்தில் நம் ஷெட் இருந்த காலத்தில் உனக்குப் பதினொரு வயது. எங்கள் இரண்டு பேர் வீட்டாரும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். சொந்தமாக ஒரு கூரையும் ஒரு கம்ப்ரசரும் இருந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம். உன் நைனா ஹோஸின் நுனியில் இருக்கும் நாசிலைப் பிடிப்பார். நான் ஹாப்பர் பக்கத்தில் நிற்பேன். மணலை நிரப்பி, மேலிருந்து காற்றை அழுத்தினால், ஹோஸ் வழியாக மணலைத் துப்புமே, அந்த இரும்புக் குண்டான்தான் ஹாப்பர். வால்வைத் திறப்பது, மூடுவது, அடித்துச் சிதறிய மணலைச் சலித்து மறுபடி நிரப்புவது எல்லாம் என் வேலை. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அவர் ஹோஸை ஒருமுறை இழுத்தால் திற, இரண்டுமுறை இழுத்தால் மூடு. நாளெல்லாம் அந்த ஹோஸ் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். சண்டை போட்ட நாளில் அவர் இழுக்கும் இழுப்பே வேறு மாதிரி இருக்கும். சமாதானம் ஆகிவிட்டதா என்பதும் எனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடற்காற்று வரும். அந்த நேரத்தில் தூள் கீழே இறங்காது, அப்படியே மிதக்கும். கூரையின் ஓட்டைகள் வழியாக விழும் வெயில் அதற்குள் கம்பி கம்பியாக நிற்கும். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு உன் நைனா அதற்குள் நடமாடுவதைப் பார்த்தால், தண்ணீருக்கு அடியில் ஒரு ஆள் மெதுவாக நடந்துபோவது போல இருக்கும். சலிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது. நான் அழகு என்று பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவர் வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். உன் ஷெட்டுக்குள் மணல் வரக்கூடாது. ஆற்று மணலும் கூடாது, கடையில் சுத்தம் செய்து மூட்டை கட்டி விற்கிறார்களே, அதுவும் கூடாது. யாராவது, "சும்மா ஒரு தபாதான், வெளில வச்சு அடிச்சிக்கலாம்" என்றால் அந்த ஆளையும் சேர்த்து வெளியே அனுப்பு.

நமக்கு வந்ததெல்லாம் தொட்டிகள், பைப்புகள், கிரில் கேட்டுகள். எல்லாம் கனத்த இரும்பு. எவ்வளவு அழுத்தி அடித்தாலும் தாங்கும். எனக்கு அது சலித்துப்போயிருந்தது. அழகான பொருள் ஒன்று நம் ஷெட்டுக்குள் வந்து, நம் கையால் தோலுரித்துக்கொண்டு புதிதாக எழுந்து போவது போலச் சலிக்கும்போதெல்லாம் கனவு கண்டுகொண்டிருப்பேன். அப்போதுதான் நர்சம்மா வந்தார். ஆர்.கே.பேட்டையில் சர்க்கார் ஆஸ்பத்திரி நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு வேலை பார்த்த டாக்டரம்மா ஊர் மாறிப் போகும்போது தன் பழைய காரை இவருக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உருண்டை மூக்கு, புடைத்த மட்கார்டு, உனக்கு நினைவிருக்கும். அந்தக் காரின் பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் பிறந்திருக்கின்றன என்று நர்சம்மா சொன்னார். துருப்பிடித்துக் கிடந்த அதை மறுபடி ஓட்டிக்கொண்டு பெரியபாளையம் கோயிலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

உன் நைனாவுக்கு இஷ்டமில்லை. "இன்னாமே, காரெல்லாம் ஒத்துக்கினு நிக்கற? தகடு மெல்சு. இது டேங்கு அடிக்கற கை" என்றார்.

"அதெல்லாம் நீ பண்ணிடுவ. ஒரு தபா பண்ணித்தான் பாரேன்யா" என்றேன் நான்.

நான் ஆசைப்பட்டேன் என்பதற்காக ஒத்துக்கொண்டார். ஆனால் ஒத்துக்கொண்ட பிறகு அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி, விளக்கு, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். அடிப்பக்கத்துத் தாரையும் கிரீஸையும் மண்ணெண்ணெய் போட்டுக் கையாலேயே சுரண்டினார். ரப்பர் மாதிரி இருப்பதன்மேல் அடித்தால் பட்டுத் திரும்பிவிடும், நேரம்தான் வீணாகும். அடிச்சட்டமான சேஸிஸின் ஒவ்வொரு ஓட்டையையும் துணியால் அடைத்தார். ஒரு ஓட்டையை விட்டுவிட்டாலும் உள்ளே போன தூள் ஆறு மாதம் கழித்துக்கூடக் கொட்டிக்கொண்டே இருக்கும், பேரிங்கைத் தின்றுவிடும். அதன் பிறகுதான் சேஸிஸையும் கதவு மாட்டுகிற கனத்த சட்டங்களையும் அடித்தார். வெள்ளை பெயின்ட் போனது, அதன் கீழ் நீலம், அதன் கீழ் கிளிப்பச்சை, கடைசியில் மாதுளம்பழத்து நிறம் ஒன்று. எத்தனையோ பேருடைய ஆசைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அங்கே இருந்தன. எல்லாம் போனபின் வெறும் இரும்பு, விடியற்காலை வானத்தின் சாம்பல் நிறத்தில், ஒரு பளபளப்பும் இல்லாமல். அதைத் தொடப்போன என் கையைத் தட்டிவிட்டார். "தொடாதமே. வேர்வ பட்டா சாய்ந்தரத்துக்குள்ள துரு வரும்." அன்றைக்கே துரு பிடிக்காமல் இருக்க பிரைமர் அடித்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் இருப்பதால் நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும். வேப்பம்பட்டில் உப்பு குறைவு, ஆனால் ஈரம் ஈரம்தான்.

பானட், கதவு, மேல்கூரை மூன்றையும் தனியாக எடுத்து வைத்தார். "இதுங்கள மணல்ல தொடாத. வேற இன்னா பொடி கீதுன்னு கேட்டுக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்துக்காகப் பொன்னேரி போனார். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன்.

கண்ணு, இதற்குமேல் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

அத்தனை வருஷம் வால்வு பக்கத்திலேயே நின்றவள் நான். நாசிலை ஒருநாள்கூடப் பிடித்ததில்லை. பொம்பளை பிடிப்பதில்லை, அவ்வளவுதான். யாரும் தடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அன்றைக்குக் கேட்க யாரும் இல்லாததால் எடுத்துக்கொண்டேன். அவர் துணியை என் தலையில் சுற்றினேன். பானட்டைச் சுவரில் சாய்த்தேன். வால்வை நானே திறந்துவிட்டு ஓடிப்போய் நாசிலைத் தூக்கினேன். முதல் அதிர்ச்சியில் என் தோள் பின்னால் போனது. பிறகு நின்றுவிட்டேன். என் கண் முன்னால் வெள்ளை கரைந்து, நீலம் கரைந்து, அந்தச் சாம்பல் நிறம் ஒரு பூ விரிகிற மாதிரி விரிந்தது. நான் காட்டிய பக்கமெல்லாம் விரிந்தது. சத்தம் கேட்பதே நின்றுவிட்டது. இன்னும் கிட்டப் போனேன். நேராகப் பிடித்தேன். ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தேன், ஏனென்றால் அது அவ்வளவு அழகாக இருந்தது. தொட்டிக்கு வைக்கிற முழு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

டப் என்று ஒரு சத்தம். தகடு என் பக்கமாகப் புடைத்தது. சுட்ட அப்பளம் எழும்புமே, அப்படி. நிறுத்த வேண்டும் என்றால் வால்வு நாற்பது அடி தள்ளி இருக்கிறது. உயிரோடு இருக்கும் நாசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து போய் மூடுவதற்குள் இன்னும் இரண்டு இடம் புடைத்துவிட்டது. ஒருமுறை கை வழுக்கி என் கால் பக்கம் திரும்பி, செருப்பின் ஓரத்தைத் தின்றது. கால் விரல் தப்பியது கடவுள் புண்ணியம். நாசில் பக்கத்திலேயே ஒரு பிடி இருக்கும், கையை எடுத்தால் தானாகவே நின்றுவிடும். அதை விற்கிறவன் தனியாக விற்பான். ஹாப்பர் சின்னதாக வாங்கினாலும் பரவாயில்லை, அந்தப் பிடி இல்லாமல் வாங்காதே. ஹோஸ் இணைப்புகளுக்குப் பூட்டுக் கம்பியும், கழன்றால் அடிக்காமல் இருக்க இரும்புக் கயிறும் போடு.

உன் நைனா மத்தியானம் திரும்பி வந்தார். நான் பானட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் செருப்பைத்தான் முதலில் பார்த்தார். "கால்ல பட்டுச்சா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு பானட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். டப் என்று உள்ளே போனது. எடுத்தார். டப் என்று வெளியே வந்தது. இரண்டு மூன்று முறை அப்படியே செய்தார். அவர் என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு முழுக்கத் திட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் நர்சம்மா வந்தபோது நீ ஸ்கூல் பையோடு கேட்டண்டை நின்றிருந்தாய். அதனால்தான் உனக்கு இந்தக் கதை தெரியும். "என் கைத்தப்புமா. கிட்ட வச்சு அடிச்சிட்டேன்" என்று உன் நைனா சொன்னது உன் காதில் விழுந்தது. நான் சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்த நீளமான, காய்ந்த இருமல். நர்சம்மா பானட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருமற?"

"மணலு வேலைலமா, அப்டித்தான் இருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்னு யார் சொன்னா? திரும்பு."

அவர் சட்டை முதுகில் காதை வைத்துக் கேட்டார். உனக்கு அது சிரிப்பாக இருந்தது, நீ சிரித்தாய். நர்சம்மா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல நாஷ்டா முடிச்சிட்டு ரெடியா இரு. நான் கூட வரேன்" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணல் தூள் நுரையீரலில் படிந்துவிட்டது, படிந்தது போகாது, இனிமேல் சேராமல் பார்த்துக்கொண்டால் சில வருஷம் நன்றாக இருக்கலாம் என்றார் டாக்டர். உன் நைனா அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் இருந்தார். உன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த பானட் கெடாமல் போயிருந்தால் அன்று அவ்வளவு நேரம் நர்சம்மா அங்கே நின்றிருப்பாரா என்று சில சமயம் யோசிப்பேன். அப்படி யோசித்து என் தப்பை நல்லதாக்கிக்கொள்ளவும் எனக்குப் பிடிக்கவில்லை. கெடுத்தது கெடுத்ததுதான். ஒரு டிங்கர்காரர் எட்டு நாள் சூடு காட்டித் தட்டியும் சாய்வெயிலில் அந்தப் புடைப்பு அலையாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாசில் என் கைக்கு வந்தது உனக்குத் தெரியும். மணலை விட்டுவிட்டு கார்னெட் என்கிற கல்பொடிக்கு மாறினோம். அதைச் சலித்து நாலைந்து முறை உபயோகிக்கலாம். தலைக்கு முழு மூடியும், அதற்குள் சுத்தமான காற்று தனிக் குழாயில் வருகிற ஏற்பாடும் வாங்கினோம். அந்தக் காற்றுக்குத் தனி ஃபில்டர் வேண்டும். கம்ப்ரசர் ஆயில் வாசனையோடு வரும் காற்றை மூச்சுக்குக் கொடுக்காதே. கம்ப்ரசரை உனக்குத் தேவை என்று தோன்றுவதைவிடப் பெரியதாக வாங்கு. சின்னது வாங்கினால் ஒரு நிமிஷம் அடித்துவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருப்பாய். நாசில் ஓட்டை தேயத் தேயக் காற்று இன்னும் அதிகம் கேட்கும். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கிற கருவி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஹாப்பருக்குள் எல்லாம் களியாகிவிடும். நட்டு, போல்ட், கார்புரேட்டர் மாதிரிச் சின்னச் சாமான்களுக்குக் கையுறை வைத்த கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கு, கண்ணாடி மணிப்பொடி போட்டு அடி. ஹாப்பரை சேஸிஸுக்கு வைத்துக்கொள். பானட்டும் கதவும் வந்தால் முதலில் பெயின்ட் கரைக்கிற மருந்தைத் தடவிக் கையால் எடு. ஓரங்களில் மட்டும், அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, நைசான பொடியில், சாய்வாக, கை நிற்காமல் ஓட்டு. ஒரு இடம் அழகாக இருக்கிறது என்று தோன்றினால் உடனே கையை நகர்த்து.

உன் நைனா வால்வு பக்கத்தில் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏன்யா, அன்னிக்கு ஏன் உம் மேல போட்டுக்கின?"

டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நான் கெடுத்தேன்னா, தொழில்ல ஆவறதுதான்னு வுட்டுடுவாங்க. நீ கெடுத்தேன்னு தெரிஞ்சா இன்னொரு தபா உன் கைல நாசில எவன் குடுப்பான்?"

அவ்வளவுதான் சொன்னார். அப்போதே நான் உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. நீ அந்தக் கதையைப் பாசமாகத்தான் சொல்வாய். அவர் அடக்கத்தன்றுகூட வந்தவர்களிடம் அந்த பானட்டைப் பற்றிச் சொல்லிச் சிரித்து, சிரிக்கும்போதே அழுதாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றும் சொல்லவில்லை.

உனக்குச் சொல்வதற்கு முன்னால் காரின் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று போன புதன்கிழமை மூன்று பஸ் மாறி ஆர்.கே.பேட்டை போனேன். நர்சம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஆனால் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எந்த பானட்?" என்றார். நிஜமாகவே நினைவில்லை. காரை எப்போதோ தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டாராம். "உன் வீட்டுக்காரர் முதுகுல காது வச்சேன், அது ஞாபகம் இருக்கு. காஞ்ச இலைமேல யாரோ நடக்கற மாதிரி ஒரு சத்தம்" என்றார். பிறகு என்னைத் திரும்பச் சொல்லி என் முதுகிலும் காதை வைத்தார். "உனக்கு ஒண்ணும் இல்ல, போ" என்று காபி போட எழுந்து போனார். நான் கொஞ்சம் அழுதேன்.

அதனால் அந்த பானட்டை இப்போது நினைவில் வைத்திருப்பது நாம் இரண்டு பேர்தான். நீ அதைத் தப்பாக வைத்திருக்கிறாய். உன் நைனா எந்த பானட்டையும் கெடுக்கவில்லை. மெல்லிய தகட்டைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். தொட்டவள் நான்.

நாளைக்கு டெம்போவில் உனக்கு ஒரு சாமான் வரும். காயலான் கடையில் பொறுக்கிய ஒரு பழைய பானட், எந்தக் காருடையது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. மிஷின் வந்ததும் வாடிக்கைக்காரர் பொருளில் கை வைப்பதற்கு முன் அதை நிறுத்திவைத்து, கிட்டப் போய், நேராகப் பிடித்து அடி. தகடு எப்போது அலறுகிறது, அதற்கு ஒரு நொடி முன்னால் கைக்கு என்ன தெரிகிறது என்று பார். பாதியை நீ கெடு. மீதிப் பாதியை ஸ்டெல்லாவிடம் கொடு, அவளும் கெடுக்கட்டும்.

தலைமூடி போடாமல் இரண்டு பேரும் உள்ளே போகக்கூடாது.

அம்மா